கூட்டத்தின் கதவு திறந்தால் போதுமா?

ஒரே நாட்டு மக்களில் ஒரு சாரார் மட்டும் ஏன் முன்னதாக மடிகிறார்கள்? அமெரிக்காவில் இக்கேள்வி 1985-ல் அரசு ஏட்டிலேயே ஏறியது. சுகாதாரத் துறைச் செயலாளர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, கறுப்பர் முதலிய சிறுபான்மையினரிடையே ஆண்டுக்குச் சுமார் 60,000 மரணங்கள் மிகையாக நேர்வதாகக் கணக்கிட்டது. இந்த ஏற்றத்தாழ்வை ஆராய 2000-ல் சட்டப்படி தனி மையம் அமைந்தது. 2010-ல் அது தேசிய ஆய்வு நிறுவனமாக உயர்ந்தது.

அங்கே பணம் வழங்கப்படும் முறை கவனிக்கத்தக்கது. வரும் விண்ணப்பத்தை முதலில் வல்லுநர் குழு எடை போடும். பிறகு ஆலோசனைக் கவுன்சில் பரிசீலிக்கும். கவுன்சிலில் நியமிக்கப்படுவோரில் மூன்றில் இரு பங்கினர் மருத்துவ, விஞ்ஞானத் துறையினர். எஞ்சியோர் சட்டம், பொருளாதாரம் போன்றவற்றை அறிந்த பொதுப் பிரதிநிதிகள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி கூட்ட அறிவிப்பு அரசிதழில் முன்கூட்டியே வரவேண்டும். பொதுமக்கள் கேட்கலாம், எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். தனித்தனி விண்ணப்பங்களை விவாதிக்கும்போது மட்டும், அந்தரங்க விவரங்களைக் காக்கக் கதவு மூடப்படும்.

ஆயினும் ஆலோசனை வேறு, அதிகாரம் வேறு. 2025-ல் டிரம்ப் நிர்வாகம், இவ்வாறு பரிசீலனையில் தேறிய நூற்றுக்கணக்கான மருத்துவ ஆய்வு மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. இந்த நிறுவனத்தையே கலைத்துவிட பட்ஜெட்டில் யோசனையும் கூறியது. ஜூன் மாதம் பாஸ்டன் நீதிபதி மானிய ரத்து செல்லாது என்றார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ரத்து நீடிக்க இடைக்கால அனுமதி தந்தது. திறந்த மன்றத்தில் பேசியது ஒன்று. வேறிடத்தில் முடிவானது மற்றொன்று.

அப்படியானால் திறந்த கூட்டத்தால் பயனே இல்லையா? உண்டு. எது தேறியது, எது வெட்டுண்டது என்று சுட்டிக் காட்ட அங்கே பதிவேடு இருக்கிறது. வழக்குத் தொடுப்பவருக்கும் பத்திரிகைக்கும் அதுவே கைப்பிடி.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சிறு வாசல் உண்டு. 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஒவ்வோர் அரசு அமைப்பும் தன் ஆலோசனைக் குழுக்களின் பட்டியலை வெளியிட வேண்டும் என்கிறது. அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் கிடைக்குமா என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவைத் திறக்குமாறு சட்டம் கட்டளையிடவில்லை. திறந்திருக்கிறதா என்று சொல்லும்படிதான் கேட்கிறது.

பஞ்சாலைத் தூசியும் கல் குவாரித் தூசியும் நெஞ்சில் படிந்தவர்களுக்கு இது வெறும் காகித உரிமையன்று. தொழிலாளர் நோய்களை ஆராயும் தேசிய நிறுவனம் ஆமதாபாத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்குகிறது. எந்த நோய்க்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் ஆலோசனை கூறினார்கள் என்று அதனிடம் எவரும் கேட்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இடைஞ்சல் மொழிதான்: மனு ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்கவேண்டும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்பதும் அதே சட்டந்தான்.

கேட்பாரற்ற நோய்க்கு நிதியும் வராது. கேள்வி எழுந்தால் பதிவு இருக்கும். பதிவு இருந்தால்தான் வெட்டியவரிடம் கணக்குக் கேட்க முடியும்.