நம்ம நிலத்துக் கணக்கு யார் கையில்?

ஊர் ஊராக முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதார், பட்டா, கைபேசி மூன்றும் கையில் இருந்தால் போதும். பி.எம். கிசான் போன்ற திட்டங்களுக்கு எண் கேட்பதால் நாமும் வரிசையில் நிற்கிறோம். எண் வாங்குவது தப்பில்லை. வாங்கும்போது எதைக் கொடுத்துட்டு வர்றோம்னு தெரிஞ்சிருக்கணும்.

ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த டிஜிட்டல் வேளாண் திட்டத்தின் ஒரு பகுதி இது. யார் விவசாயி, நிலம் எங்கே, அதில் என்ன பயிர் என்று மூன்று பதிவேடுகள். அக்ரிஸ்டாக் என்பது இவற்றின் சேர்க்கைதான். மூன்றையும் இணைத்துப் பார்த்தால், எந்த வட்டாரத்தில் எவ்வளவு மஞ்சள் நிற்கிறது என்பது அறுவடைக்கு முன்பே தெரிந்துவிடும். அரசு அதை வைத்து நிவாரணமும் கொள்முதலும் ஒழுங்காகச் செய்தால் நமக்கு நல்லதுதான். பெரிய வியாபாரிக்கும் பூச்சிக்கொல்லிக் கம்பெனிக்கும் மட்டும் தெரிந்தால், விலை பேசுற இடத்துல நம்ம கை தாழ்ந்து போயிடும்.

இது வீண் பயம் கிடையாது. 2021-லேயே 6 மாநிலங்களில் 100 கிராமங்களில் முன்னோட்டம் பார்க்க ஒன்றிய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாப்ட்டுடன் ஒப்பந்தம் போட்டது. அப்போது தரவுப் பாதுகாப்புச் சட்டமே இல்லை. விவசாய அமைப்புகள் பலவும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2023-ல் சட்டம் வந்தது. ஆனால் மானியம், சலுகை, சான்றிதழ் என்று வரும்போது, அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் தகவலைப் பயன்படுத்த நம்மிடம் மறுபடி சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்று அதிலேயே வழி இருக்கிறது.

இயற்கை விவசாயிக்கு இன்னொரு கவலையும் உண்டு. பி.ஜி.எஸ். குழுவில் நாம் எழுதி வைக்கும் பண்ணைக் குறிப்பில் எந்த விதை, எத்தனை முறை பஞ்சகவ்யம், எவ்வளவு மகசூல் எல்லாம் இருக்கிறது. பல வருஷ அனுபவம் அது. இலவச செயலி என்று வருபவர்களிடம் அதை அப்படியே ஏற்றிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. விதையை இப்படித்தான் ஒருமுறை விட்டோம்.

நாம் கேட்க வேண்டியவை ஐந்து. எதற்காக வாங்கினார்களோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும். தனியாருக்குத் தர தனிச் சம்மதம் வேண்டும். மறுத்தாலும் திட்டப் பலன் நிற்கக் கூடாது. யார் பார்த்தார்கள் என்பதை நாமே தமிழில் பார்க்க வழி வேண்டும். பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கும், பட்டா கணவர் பேரில் உள்ள பெண்ணுக்கும் பதிவேட்டில் இடம் வேண்டும்.

பலனில் பங்கு கேட்பதும் புதுசு இல்லை. 2002 பல்லுயிர்ச் சட்டம் உள்ளூர் அறிவைப் பயன்படுத்துபவர் பலனைப் பகிர வேண்டும் என்கிறது. அதே நியாயம் பண்ணைத் தகவலுக்கும் பொருந்தும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாங்க. அதுவரைக்கும், எந்தப் படிவமா இருந்தாலும் முழுசா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.