குப்பி விளக்குக்குப் பொன்னாடை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த பழைய மாணவர் ஒருவர் பரிசளிப்பு விழா மேடையில் ஏறினால், அடுத்து வரப்போகும் வசனம் எனக்குத் தெரியும்: "நாங்கள் குப்பி விளக்கில படிச்சனாங்கள். உங்களுக்கு இப்ப எல்லாம் இருக்கு." கஷ்டம்தான் மனிசரை ஆளாக்கும் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் திருநீறு போல எல்லார் நெற்றியிலும் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

1990 இல் போரோடு மின்சாரம் போனது. மண்ணெண்ணெய், பற்றரி, உரம் எல்லாவற்றுக்கும் அரசாங்கத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, அது ஊறுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தினோம். அந்த வெளிச்சத்தில் படித்துச் சிலர் டொக்டரானது உண்மை. அதே வெளிச்சத்தில் படிப்பை விட்டவர்கள், இயக்கத்துக்குப் போனவர்கள், கிளாலிக் கடலில் படகோடு மாண்டுபோனவர்கள்? அவர்களை எந்த விழாவுக்கும் அழைக்க முடியாது. பிழைத்தவர் மட்டுமே பேசினால் நெருப்பும் நல்ல வாத்தியாராகத்தான் தெரியும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, வலிகாமமே எழும்பி மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அந்த நெரிசலில் நடக்கமாட்டாமல் இருந்துவிட்ட கிழவி எதைப் படித்திருப்பா? 1990 இல் மயிலிட்டியை விட்டு வெளியேறிய மீனவக் குடும்பங்கள் தங்கள் துறைமுகத்தைத் திரும்பப் பார்த்தது 2017 ஜூலையில். இருபத்தேழு வருட முகாம் வாழ்க்கைக்குப் பாடம் என்றா பெயர்? அவர்களிடம் போய் "மனதைத் திடமாக வைத்திருங்கோ" என்பது காணியைப் பிடித்துவைத்த இராணுவத்துக்குச் செய்யும் உபகாரம்.

நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட வியன்னா உளமருத்துவர் விக்டர் பிராங்கிளையும் இந்தப் பேச்சுகளில் துணைக்கு இழுப்பார்கள். நீக்கக்கூடிய துன்பமென்றால் அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள வேலை என்று எழுதியவரும் அவர்தான். அந்தப் பக்கத்தை ஏனோ யாரும் புரட்டுவதில்லை.

அப்படியென்றால் அந்த வருடங்களில் மனசுக்கு விடுதலையே இருக்கவில்லையா? இருந்தது, தடையை ஏய்த்த குறும்பில். கார்பரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்காயால் உடுப்புத் தோய்த்தார்கள். பற்றரி இல்லையா, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். பிபிசி தமிழோசை நேரத்துக்கு எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரு முற்றத்தில் நிற்கும். சுற்றுகிற பெடியன் களைத்தால் செய்தி தேய்ந்துகொண்டு போகும். "சுத்தடா தம்பி" என்று யாரோ கத்துவார்கள். அதற்குள் பக்கத்தில் நின்ற ஆள் பெடலை வாங்கியிருப்பார்.