சைவ இளைஞரும் பிறநாட்டுப் போதகரும்

ஆன்மாக்களின் மலம் பரிபாகமுறுங்கால் இறைவன் குருவடிவாய் எழுந்தருளி ஆட்கொள்வன் என்பது சித்தாந்த சைவத்தின் உயிர்நிலைக் கொள்கை. நூலறிவு மாத்திரையே ஒருவனைக் கரையேற்றாது. உடனிருந்து உணர்த்துவார் ஒருவர் வேண்டும். இவ்வுண்மையை ஏட்டிற் போற்றி ஒழுக்கத்தில் நெகிழவிட்டவர் சைவர். அதனை ஒத்ததொரு தொண்டைத் தம் சமயவழி நின்று இளைஞர்பால் இயற்றிக் காட்டியவர் பிறநாட்டுக் கிறித்தவ போதகர். சேலம் நாமக்கல் நாட்டு அண்மைக்காலச் சமய வரலாற்றின் சாரம் இதுவே. இது கேட்டற்கு இனியதன்று. ஆயினும் ஆராய்தற்கு உரியது.

தத்துவபோதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியர், 1606இல் மதுரை புகுந்து, காவியுடுத்து, ஊனுணவு நீத்து, தமிழும் வடமொழியும் பயின்று, 1623இல் சேந்தமங்கலத்தும் சேலத்தும் வந்து தங்கினர். இரண்டு நூற்றாண்டு கழிந்தபின், 1827இல், இலண்டன் மிஷன் சங்கத்தார் சேலத்தில் நிலைகொண்டனர். இவரெல்லாம் மேடைமீது நின்று பேசிய அளவில் அமைந்தாரல்லர். தம்மை அடைந்த இளைஞர்க்குப் பள்ளியும் உறையுளும் அமைத்து, அவர் உண்டியும் நோயும் தொழிலும் தம் கவலையாகக் கொண்டனர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கொல்லிமலையில் உண்டு. ஜெசி பிராண்டு என்னும் ஆங்கிலேயர், 1913இல் தாம் மணந்த ஈவ்லின் அம்மையாருடன் சேந்தமங்கலத்து அடிவாரத்தினின்றும் அம்மலை ஏறினர். நோயுற்றார்க்கு மருந்தளித்தனர், சிறுவர்க்கு எழுத்தறிவும் கைத்தொழிலும் பயிற்றினர், அடைக்கலம் புகுந்த பிள்ளைகளைத் தம் மனையிலேயே வைத்து வளர்த்தனர். பல்லாண்டு கழிந்தும் அவர் சமயம் தழுவினார் அரியர். மலைவாணர்தம் பூசாரி ஒருவர் அவரை வன்மையாக எதிர்த்து நின்றனர். முதல் உலகப்போரின் முடிவில் பரவிய கொடிய சளிச்சுரம் அம்மலையையும் பற்றியது. பூசாரியார் நோயிற் கிடந்துழி, அவர் மனையை அணுகி மருந்தும் உணவும் தந்தவர் அவர் எதிர்த்த அப்போதகரே. உயிர் நீங்குமுன் அப்பூசாரியார் தம் மக்களை அவர் கையிலேயே ஒப்புவித்தனர். இதனைப் பிராண்டின் மைந்தர் தாம் எழுதிய நூல்களில் உரைத்துள்ளார்.

ஜெசி பிராண்டு 1929இல் மலைக்குளிர்சுரத்தின் கொடிய வகையொன்றால் அங்கேயே மாய்ந்தனர். கணவரை இழந்த அம்மையாரோ தொண்டை விட்டு அகன்றிலர். சங்கத்தார் ஓய்வளித்த பின்னரும் தாமே மீண்டு வந்து, 1974இல் தொண்ணூறு கடந்த முதுமையில் இறக்குமளவும் மலைதோறும் சென்று தொண்டியற்றினர். 1914இல் பிறந்த அவர் மைந்தர் பால் பிராண்டு, வேலூரில் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை முறையால் நிமிர்த்தி, அந்நோய் நீங்கிய இளைஞர்க்குக் கைத்தொழில் கற்பித்து வாழ்வளித்த மருத்துவர்.

இனி, "பிறநாட்டார் பணத்தையும் சோற்றையும் காட்டி நம் பிள்ளைகளைக் கவர்ந்தனர்" என்பார் உளர். அவ்வாறு நிகழ்ந்த இடங்களும் உண்டு, மறுப்பாரில்லை. ஆயின் அஃதொன்றே காரணம் என்றல் பொருந்தாது. என்னை? சாகுந் தறுவாயில் உள்ளானுக்குப் பணத்தாற் பயனென்னை? தன் மக்களை ஏற்பார் யார் என்னும் கவலை ஒன்றே அப்பூசாரியார்க்கு இருந்தது. அறப்பள்ளி நாதர் கோயில் கொண்டிருக்கும் மலையில், அப்பரடிகள் திருவாக்கில் இடம்பெற்ற தலத்தில், சதகம் பாடிப் புலவர் போற்றிய பதியில், அப்பிள்ளைகளை ஏற்கச் சைவர் ஒருவரும் முன்வந்திலர் என்பதன்றோ எண்ணி நாணத்தக்கது? இழந்தபின் வைவது எளிது. இழவாமற் காப்பதே கடன்.

இவ்வளவு கூறியதனால் போதகர் முறை முழுதும் குற்றமற்றது என்பது கருத்தன்று. அவருடைய அன்பு மெய்யன்பே. ஆயின் அவ்வன்போடு ஒரு கட்டளையும் உடன் வந்தது. தாய்வீட்டுத் தெய்வத்தை இருளென்று இகழ்ந்து விட்டாலன்றி ஒளி எய்தாது என்று இளைஞன் கற்பிக்கப்பட்டான். பெற்றோரும் ஊரும் ஒருபுறமும், தன்னை வளர்த்த ஆசான் ஒருபுறமுமாக அவன் நெஞ்சம் பிளவுண்டது. சித்தாந்தம் இதற்கு உடன்படாது. எத்தெய்வத்தை எவ்வுருவில் வழிபடினும் அவ்வுருவில் நின்று அருள்பவன் சிவனே என்பதும், சமயங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த படிகள் என்பதும் அதன் துணிபு. சாக்கிய நாயனார் புத்தர் கோலத்தை நீத்தாரல்லர். அக்கோலத்தொடு நின்றே நாடோறும் இலிங்கத்தின்மீது அன்பினாற் கல்லெறிந்து சிவகதி பெற்றார். வேடம் மாற்றுமாறு இறைவன் அவரை வற்புறுத்தியதாகச் சேக்கிழார் பாடிற்றிலர். இளைஞன் ஒருவனை வளர்ப்பதற்கு அவன் வேரை அறுத்தல் வேண்டா என்பதே இதனாற் பெறப்படும்.

"அஃதுண்மையாயின் சைவர் ஒருவரையும் தேடிச் செல்லவேண்டுவதில்லை, பக்குவர் தாமே வருவர்" என்று வேறு சிலர் வாதிப்பர். இது சோம்பலுக்குச் சித்தாந்தப் போர்வை போர்த்துதலாம். திருஞானசம்பந்தப் பிள்ளையார் இந்நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்தகாலை, பனிப்பருவத்துக் குளிர்சுரம் உடன்வந்த அடியாரைப் பற்றி வருத்திற்று. "இது இந்நாட்டின் இயல்பு, அவரவர் வினை" என்று பிள்ளையார் வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளி அச்சுரத்தை நீக்கினார். வினைக்கொள்கையை அவரினும் நன்குணர்ந்தார் யார்? வினையென்று சொல்லி விலகுதற்கு அன்று, வினையை நீக்கத் துணைநிற்றற்கே ஆசாரியர் வேண்டும் என்பது திருச்செங்கோடு கற்பித்த பாடம். அதே சமவெளியை அடுத்த மலையில், அதனையொத்த சுரத்திற்கு உயிரைக் கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். பாடம் நம்முடையது, அதனை ஒழுகிக் காட்டியவர் பிறர்.

ஆறுமுக நாவலரவர்கள் வரலாறு இதற்கு வழிகாட்டும். யாழ்ப்பாணத்து வெசுலியன் பாதிரியார் பீட்டர் பெர்சிவலிடம் பயின்று, அவர் பள்ளியிலேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணைநின்றவர் நாவலர். சைவம் நீங்காதவராகவே பெர்சிவல் அவரை ஏற்றுப் போற்றினார். நாவலரும் அவர் கொள்கையை மறுத்தாரேயன்றி முறையை இகழ்ந்தாரல்லர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியதும், அச்சியந்திரம் அமைத்ததும், சிறுவர்க்குப் பாலபாடம் வகுத்ததும் அம்முறையைச் சைவத்திற்கு உரியதாக்கிய செயல்கள். கண்டனம் மட்டும் எழுதி அமைந்திருப்பின் அவர் பெயர் இன்று நிலைபெற்றிராது.

இக்காலத்து நிலை யாது? கொல்லிமலையினின்றும் இளைஞர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் இறங்கி வருகின்றனர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஏறி வடநாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்கின்றனர். மொழியறியா ஊரில் சுரங்கண்டு கிடப்பார்க்கு ஒரு கடிதம், ஒரு குவளைக் கஞ்சி, ஒரு நற்சொல் தருவார் யார்? குடமுழுக்கிற்கு இலட்சம் இலட்சமாகத் திரட்டும் கைகள், பத்துப் பிள்ளைகள் தங்கிப் பயில ஓர் இல்லம் எடுக்கத் தயங்குவது ஏன்? திருமுறை ஓதுவித்து, கணக்கும் தொழிலும் கற்பித்து, அவன் திருமணத்திலும் துக்கத்திலும் உடனிருக்கும் ஒரு முதியவர் ஊருக்கு ஒருவர் அமைந்தாற் போதும். ஆயிரம் மாநாட்டுச் சொற்பொழிவு செய்யாததை அவ்வொருவர் செய்வர்.

மாணாக்கனைத் தேடிச் சென்று ஆளுதல் குருவருளின் இயல்பு. திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் காத்திருந்தவன் இறைவன். வாதவூரர் குதிரை வாங்கச் சென்றவர். அவ்வருளின் வழிவந்தார் எனத் தம்மைச் சொல்லிக் கொள்வார் மலையடிவாரத்திலும் பட்டறை வாயிலிலும் சென்று காத்திருக்கக் கடவர். அது செய்யாதார்க்குப் பிறநாட்டுப் போதகரைக் குறைகூறும் உரிமை இல்லை.

திருச்சிற்றம்பலம்.