ஜெயிச்சது எத்தனை என்பதல்ல, யாரை என்பதே கேள்வி!



"இந்த வருஷம் நம்ம ஃபுட்பால் டீம் எத்தனை மேட்ச் ஜெயிச்சுது?" விளையாட்டு விழா நெருங்கினால் எல்லோரும் கேட்பது இதைத்தான். "யாரை ஜெயிச்சுது?" என்று கேட்பவர் அபூர்வம். என் கட்சி இரண்டாவது கேள்விதான்.

நாடுகளின் கால்பந்துத் தரவரிசையை ஃபிஃபா 1992 டிசம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. 2006 முதல் 2018 வரை இருந்த முறை, நம்ம இன்டர்னல் மார்க் மாதிரி சராசரிக் கணக்கு. நட்பு ஆட்டத்துக்கு மதிப்பு குறைவு. அதில் ஜெயித்தால்கூட சராசரி இறங்கலாம். போலந்து இதைப் புரிந்துகொண்டது. நட்பு ஆட்டங்களைத் தவிர்த்தே ஆறாம் இடத்துக்கு ஏறி, 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் பிரேசில், ஜெர்மனியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தது. நடந்தது என்ன? செனகலிடம் தோல்வி, கொலம்பியாவிடம் தோல்வி, ஜப்பானிடம் மட்டும் வெற்றி. பிரிவில் கடைசி இடம்! விளையாடாமல் வாங்கிய ரேங்க் மைதானத்தில் காப்பாற்றவில்லை.

2018-ல் ஃபிஃபா கணக்கை மாற்றியது. ஆர்பாட் ஏலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ்ஸுக்காக வகுத்த முறை அது. பெண்கள் அணிகளுக்கு அதே வழிக் கணக்கு 2003-லேயே வந்துவிட்டது. விஷயம் எளிது. ஆட்டத்துக்கு முன்பே, உன்னிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் செய்தால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும்.

உதாரணம் பாருங்கள். இரண்டு அணிகளுக்கு நடுவே 200 புள்ளி வித்தியாசம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. சின்ன அணி தோற்றால் சுமார் 8 புள்ளிதான் போகும். ஜெயித்தால் 17 வரும். சமன் செய்தாலே நாலரை லாபம். பெரிய அணிக்கு அப்படியே தலைகீழ்: ஜெயித்தால் 8, தோற்றால் 17 நஷ்டம். சமன் என்றாலும் கையிலிருந்து போகும்.

நம்ம இந்தியாவுக்கே அது நடந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்று 102-லிருந்து 117-க்கு இறங்கினோம். மார்ச்சில் நம்மைவிட ரொம்பக் கீழே இருந்த ஆப்கானிஸ்தானோடு கோலே இல்லாத சமன். அதிலேயே புள்ளி போனது. அடுத்து கவுகாத்தியில் 1-2 தோல்வி. ரேங்க் 121. 'சுலபமான மேட்ச்' என்று ஒன்று இந்தக் கணக்கில் கிடையாது.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். காரைக்காலைச் சுற்றி நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று பஸ் ஏறினால் ஆட ஆள் உண்டு. ஆனால் கல்லூரி அணிகள் ஃபிரெண்ட்லி மேட்ச் வைக்கும்போது என்ன செய்கின்றன? ஜெயிக்கக்கூடிய டீமாகத் தேடுகின்றன. நோட்டீஸ் போர்டில் 'தோல்வியே காணாத அணி' என்று எழுத நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் டோர்னமென்ட் முதல் சுற்றில் ஒரு பலமான டீம் வந்தால் பேய் அறைந்த மாதிரி நிற்பது யார்?

"தோத்துக்கிட்டே இருந்தா பசங்க மனசு விட்டுடாதா?" என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்காகத்தான் இந்தக் கணக்கையே சொல்கிறேன். பலமானவனிடம் 0-1 என்று தோற்றுத் திரும்புகிறவன் தலைகுனிய வேண்டியதில்லை என்று அந்த ஃபார்முலாவே சொல்கிறது.

ஆகவே யூனியனுக்கு இரண்டே கோரிக்கை. ஒன்று, அடுத்த வருஷ ஃபிரெண்ட்லி மேட்ச்களில் பாதியாவது நம்மைவிடப் பலமான அணிகளோடு இருக்கட்டும். பஸ் செலவை விளையாட்டு நிதியிலிருந்து கொடுங்கள். இரண்டு, போர்டில் ஸ்கோரை எழுதும்போது எதிரணி போன வருஷம் எதுவரை போனது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கணக்குப் போட நம்மில் ஆளா இல்லை?

பலவீனமானவனைத் தேடித் தேடி ஜெயிப்பதைவிட, பலசாலியிடம் மோதிப் பார்ப்பது மேல். வாருங்கள், மோதிப் பார்ப்போம்!