ஓசி எண்ணெய், 92 ரூபாய் டீசல்: லோன் போடறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்



போன மாசம் என் சித்தப்பா பையன் போன் பண்ணினான். வயசு 26, சிறுசேரியில ஐடி வேலை, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு டீசல் கார். "அண்ணா, ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் போடலாமா?"ன்னு கேட்டான். எதுக்குடான்னா, வீட்டிலேயே பயோடீசல் தயாரிக்கிற கிட் வாங்கப் போறானாம். ரூமுக்குக் கீழே இருக்கிற பஜ்ஜிக் கடையில பழைய எண்ணெய் ஓசியில தர்றாங்க, சென்னையில டீசல் லிட்டர் 92 ரூபாய், நடுவுல இருக்கிறது எல்லாம் லாபம். இதுதான் அவன் பிசினஸ் பிளான்.

"அந்த எண்ணெயை டெஸ்ட் பண்ணியா?"

"எண்ணெய்ல என்னண்ணா டெஸ்ட்?"

இந்தப் பதிவு அந்த பதிலுக்காகத்தான். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: டெஸ்ட் பண்ணாத ஓசி எண்ணெய் சொத்து இல்லைங்க, அது ஒரு பொறுப்பு. பேலன்ஸ் ஷீட்ல அது வேற பக்கத்துல உட்காரும்.

எண்ணெய் ஏன் கெட்டுப்போகுது?

எண்ணெயோட மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து சூடுபண்ணினா பயோடீசலும் கிளிசரினும் பிரியும். புது எண்ணெய்னா பிரச்சனை இல்லை. ஆனா ஈரமான வாழைக்காயும் வெங்காயமும் போட்டு திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் உடைஞ்சு, அதுல தனி கொழுப்பு அமிலம் சேர்ந்திருக்கும். அந்த அமிலம் காஸ்டிக் சோடாவைப் பார்த்தா டீசல் ஆகாது, சோப்பு ஆகிடும். அந்த சோப்பு, கழுவும்போது நல்ல டீசலையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்.

எண்ணெயோட நிறத்தை வெச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் பார்க்கணும்.

ரெண்டே டெஸ்ட்

முதல்ல தண்ணி. 100 கிராம் எண்ணெயை எடைபோட்டு, மெதுவா 120 டிகிரி வரை சூடுபண்ணி, ஆறினதும் மறுபடி எடைபோடுங்க. குறைஞ்ச எடை பெரும்பாலும் தண்ணிதான். சூடாகும்போது படபடன்னு வெடிச்சாலே ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது, பிளஸ் டூ லேப்ல பண்ணின அதே டைட்ரேஷன். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்ல 1 கிராம் காஸ்டிக் சோடா. இன்னொரு பக்கம், 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல 1 மில்லி எண்ணெய், ரெண்டு சொட்டு பினாப்தலீன். சோடாக் கரைசலை சொட்டுச் சொட்டா விட்டு, இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிஷம் நிக்கிற இடத்துல நிறுத்தணும். எத்தனை மில்லி ஆச்சோ அதோட 3.5 கூட்டுங்க. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேணும். கண்ணாடியும் கிளவுஸும் கட்டாயம். ஆல்கஹால் பக்கத்துல அடுப்பே இருக்கக் கூடாது.

ஆடிட்டரா ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். கேன் மேலாப்ல இருந்து ஒரு ஸ்பூன் எடுத்தா அது சாம்பிள் இல்லை. தண்ணியும் கசடும் அடியில இருக்கும். நல்லா கலக்கிட்டு எடுங்க, மூணு தடவை பண்ணி சராசரி போடுங்க.

அவன் ஃப்ரெண்ட் ஒருத்தன் காலேஜ் லேப்ல வேலை பார்க்கிறான். அங்கே வெச்சுப் பார்த்தோம். ஆபீஸ் கேன்டீன் எண்ணெய் 2 மில்லி. பஜ்ஜிக் கடை எண்ணெய் 8 மில்லி. ஒவ்வொரு மில்லியும் கிட்டத்தட்ட முக்கால் சதவீதம் அமிலம், அதாவது ஒண்ணுல ஒன்றரை சதவீதம், இன்னொண்ணுல ஆறு. மூணு சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண முறையில சோப்புத் தொல்லை ஆரம்பிச்சிடும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தக் கடையிலதான் ரெண்டு வருஷமா சாயங்கால பஜ்ஜி!

இப்போ கணக்கு

50 லிட்டருக்கு ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். விலையெல்லாம் என் அனுமானம், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. எண்ணெய் லிட்டர் 45 ரூபாய்னு வெச்சா 2,250. ஓசியில வருதேன்னு கேட்பீங்க. பழைய எண்ணெயை இன்னைக்கு ஏஜென்ட்டுங்க காசு கொடுத்தே எடுக்கிறாங்க. விக்கக்கூடிய பொருளை நாம எரிச்சா அந்த விலையும் செலவுதான். மெத்தனால் 10 லிட்டர், 700 ரூபாய். சோடா, கரண்ட், தண்ணி 200. மொத்தம் 3,150.

நல்ல எண்ணெய்ல 45 லிட்டர் டீசல் வந்தா லிட்டர் 70 ரூபாய். மிச்சம் 990. மோசமான எண்ணெய்ல 35 லிட்டர்தான் வந்தா லிட்டர் 90. மிச்சம் வெறும் 70 ரூபாய், ஒரு முழு ஞாயித்துக்கிழமைக்கு!

இப்போ லோன். ஒன்றரை லட்சம், 14 சதவீதம், மூணு வருஷம்னா இஎம்ஐ சுமார் 5,130. தம்பி மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறான், மைலேஜ் 18, டீசல் செலவு சுமார் 5,100. அதாவது டீசல் முழுசா ஓசியில கிடைச்சாலும் இஎம்ஐக்குப் பத்தாது. பிஎஸ்-6 வண்டியில சோப்பு கலந்த எண்ணெய் போய் ஒரு இன்ஜெக்டர் அடிபட்டா அந்தக் கதை தனி.

பணத்தைவிடப் பெரிய விஷயம்

மெத்தனால். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல உயிரைக் குடிச்ச சாராயத்துல இருந்தது இதுதான். நம்ம மாநிலத்துல இதை வாங்கவும் வெச்சிருக்கவும் லைசென்ஸ் வேணும். நம்ம ஊர் சூட்டுல சும்மா திறந்து வெச்சாலே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி வரும். எரியும்போது பகல்ல சுடர் சரியாக் கண்ணுக்கே தெரியாது. அப்பார்ட்மென்ட் பால்கனியில 10 லிட்டர் வெச்சுக்கிட்டு தீ விபத்து இன்சூரன்ஸ் கிளைம் பண்ணப் போனா என்ன கேள்வி வரும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால என் நிலைப்பாடு: டெஸ்ட் கத்துக்கோங்க, வீட்ல காய்ச்சாதீங்க. எண்ணெய் வீணாகவும் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லயே, மொத்த துருவச் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெய்ல சமைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அந்த எண்ணெயை பயோடீசலுக்குத் திருப்ப 'ரூகோ' திட்டத்தையும் அதே வருஷம் கொண்டு வந்தது. உங்க ஆபீஸ் கேன்டீன் எண்ணெய் எங்கே போகுதுன்னு அட்மின்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. உரிமம் வாங்கின கலெக்டர்கிட்ட போனா சரி. ரோட்டுக் கடைக்குப் போனா, அது திரும்ப நம்ம தட்டுக்குத்தான் வரும்.

தம்பி லோன் எடுக்கலை. இஎம்ஐக்கு ஒதுக்கியிருந்த 5,000 இப்போ மாசாமாசம் அவன் எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகுது. பஜ்ஜியையும் விட்டுட்டான்னு சொல்றான், அதை நான் இன்னும் ஆடிட் பண்ணலை.

'ஓசியில கிடைக்குது'ன்னு நம்பி நீங்க பணம் போட்ட கதை இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.