விளக்கு மாறியது, கணக்கு மாறவில்லை

2015இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பின், எல்இடி விளக்குகள் சாமானியரின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. 60 வாட் குண்டு பல்பு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரு மாதங்களில் 18 யூனிட் செலவாகும். அதற்கு ஈடான 9 வாட் எல்இடிக்கு மூன்று யூனிட்கூட ஆகாது.

ஆனால், தமிழக அரசு 2016 முதல் இரு மாதங்களுக்கு ஒருமுறை அளிக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் இணைப்புக்கே உரியது, குடித்தனத்துக்கு அல்ல. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு ஒரே விலை வசூலிக்கப்படும் வாடகை வீடுகளில் குடியிருப்போருக்கு அச்சலுகை எட்டுவதில்லை. எல்இடி செலவைக் குறைக்கும். சலுகை கிடைக்க, குடித்தனத்துக்கு ஓர் இணைப்பு வேண்டும்.