சுங்கை பினாங்கில் உங்களுக்கு இரண்டு ஓட்டு, மூன்றாவது எங்கே?

பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்கிறீங்களா? அப்படின்னா டோக்வில் பெயரைக் கேட்டிருப்பீங்க. மக்கள் ஜனநாயகத்தைப் பழகும் இடமே ஊராட்சி மன்றம்தான் என்பது அவர் வாதம்.

அதைச் சுங்கை பினாங்கில் பொருத்திப் பாருங்க. 18 வயதானால் ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஓர் ஓட்டு, சுங்கை பினாங் சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு. ஆனால் கால்வாயையும் குப்பையையும் கவனிக்கும் மாநகர் மன்றத்துக்கு ஓட்டே கிடையாது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

முன்பு இப்படியில்லை. ஜோர்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் 1951இலேயே, அதாவது சுதந்திரத்துக்கு முன்பே நடந்தது. தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன் 1957இல் முதல் மேயரானார். பழைய ஸ்காட் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி 1965இல் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் மறு ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976 சட்டம் அதை ஒரேயடியாக ரத்து செய்தது. பினாங்கு 2012இல் தனிச்சட்டம் இயற்றியும் பலனில்லை. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நகரங்களில் ஒரே இனத்தின் கை ஓங்கிவிடும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். அந்த அச்சத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. அதுக்காக நியமனம்தான் ஒரே வழியா? உங்க வட்டார கவுன்சிலர் பெயர் தெரியுமா, சொல்லுங்க பார்ப்போம்.